பிள்ளைகளுக்குச் சாதி தெரியும்

தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகிற சாலையில், வாகைக்குளம் விமான நிலையத்துக்கு முன்னால் வருகிற ஊர் புதுக்கோட்டை. சமஸ்தானப் புதுக்கோட்டை வேறு, இது எங்கள் பக்கத்துப் புதுக்கோட்டை. பள்ளிக்கூடம் விட்ட நேரத்தில் அங்கே பஸ்ஸுக்கு நிற்கும்போது, பையன்களின் மணிக்கட்டுகளைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. சில கைகளில் கோயில் கயிறு. சில கைகளில் கட்சிக் கொடியைப் போலச் சேர்த்து முறுக்கிய இரண்டு நிறம், மூன்று நிறம். புதுக்கோட்டையில் மட்டும் என்றில்லை, இந்த மாவட்டத்திலும் பக்கத்து மாவட்டத்திலும் எந்த நிறுத்தத்தில் நின்றாலும் இதைப் பார்க்கலாம். எந்த நிறம் யாருடையது என்று எனக்குச் சொல்லித் தந்தவன் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன். பாடத்தில் திக்கித் திணறுகிறவன், இதைத் தடுமாறாமல் சொன்னான்.

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரிடம் இதைச் சொல்லி வருத்தப்பட்டேன். நல்ல மனிதர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். "பிள்ளைகளுக்கு என்ன சார் தெரியும்? நாமதான் கெடுக்கோம். நாம வாயைத் திறக்காம இருந்தாப் போதும், அதுகபாட்டுக்கு ஒண்ணுமண்ணா வளந்துரும்" என்றார்.

இந்தப் பேச்சைத்தான் நான் மறுக்க வேண்டியிருக்கிறது. குழந்தையும் தெய்வமும் கொண்டாடுகிற இடத்தில் என்று சொல்லிச் சொல்லி, குழந்தையைத் தெய்வத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டோம். தெய்வத்துக்குச் சாதி தெரியாது, அதனால் குழந்தைக்கும் தெரியாது என்று நம்புகிறோம். படித்தவர்கள் நம்புகிறார்கள், மேடையில் பேசுகிறவர்கள் நம்புகிறார்கள், சாதி ஒழிய வேண்டும் என்று மனசார விரும்புகிறவர்களே நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை பொய். பொய் என்பதோடு நிற்கவில்லை, இது பிள்ளைகளின் உயிருக்கு ஆபத்தான பொய்.

உசிலம்பட்டியை எடுத்துக்கொள்வோம். மதுரைப் பக்கத்து உசிலம்பட்டி இல்லை, எட்டயபுரம் பக்கத்தில் இருக்கிற சிறிய ஊர். 2023 ஆகஸ்ட் 25 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுவதும் உள்ள அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவானது. அடுத்த மாதமே இந்த ஊர்ப் பள்ளியிலிருந்து செய்தி வந்தது: பிள்ளைகள் காலைச் சாப்பாட்டைச் சாப்பிட மறுக்கிறார்கள். சமைத்தவர் பட்டியல் சமூகத்துப் பெண். மொத்தப் பிள்ளைகளே பத்துப் பன்னிரண்டு பேர்தான். நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியும் அப்போதைய அமைச்சர் கீதா ஜீவனும் ஆட்சியரும் போய், பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அது செய்ய வேண்டிய காரியம், செய்தார்கள். ஊருக்குள் வேறு பகை இருந்தது, அதுதான் காரணம் என்றும் சொல்லப்பட்டது. இருக்கட்டும். எந்தப் பகையாக இருந்தாலும், அதைக் காட்டுவதற்கு அந்த ஊருக்குக் கிடைத்த கருவி, ஆறு வயதுப் பிள்ளையின் தட்டு. பசியோடு உட்கார்ந்திருக்கிற பிள்ளை, முன்னால் இருக்கிற சூடான சாப்பாட்டைத் தொடாமல் இருக்கிறது என்றால், அதற்கு ஒன்றும் தெரியாது என்று எப்படிச் சொல்வது? பாப்பாவுக்குப் பாட்டு எழுதிச் சாதி இல்லை என்று சொல்லிக் கொடுத்த பாரதி பிறந்த எட்டயபுரம் அங்கிருந்து எட்டும் தூரம்தான்.

சான்றிதழில் சாதி இருப்பதால்தான் பிள்ளைகள் மனசில் சாதி வருகிறது என்று இன்னொரு கூட்டம் சொல்கிறது. தொடக்கப் பள்ளிப் பிள்ளை எந்தச் சான்றிதழைப் படித்தது? சாதிச் சான்றிதழ் தாலுகா அலுவலகத்திலிருந்து வருவதற்கு முன்பே சாதி வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. சான்றிதழைக் கிழித்தால் இடஒதுக்கீடு போகும். அடுப்படிக்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்பது கிழியாமல் அப்படியே இருக்கும்.

என் கதையைச் சொல்கிறேன். வெளியே சொல்ல வெட்கப்பட்டு ரொம்ப வருஷம் வைத்திருந்தேன்.

எனக்கு ஏழு வயது. கோடை விடுமுறைக்கு ஆச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். தாமிரபரணிக் கால்வாய் பாய்கிற ஊர். வாழைத் தோட்டத்தில் வேலை செய்கிறவரின் மகன் எனக்குக் கூட்டாளி. காலையில் போனால் வெயில் தாழ்ந்துதான் திரும்புவோம். வாய்க்காலில் கெண்டை பிடிப்பது, அணில் துரத்துவது, பனங்காய் வண்டி ஓட்டுவது. ஒருநாள் தாகம் தாங்காமல் இருவரும் ஆச்சி வீட்டுக்கு ஓடிவந்தோம். நான் திண்ணையைத் தாண்டி, தார்சாவைத் தாண்டி, அடுப்படிக்குள் போய்ச் செம்பில் தண்ணீர் மொண்டு குடித்தேன். அவன் வரவில்லை. திரும்பிப் பார்த்தால், முற்றத்துக்கு வெளியே, வேலி ஓரமாகக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். ஆச்சி செம்போடு போனாள். அவன் இரண்டு கையையும் சேர்த்துக் குவித்து வாய்க்குக் கீழே வைத்தான். ஆச்சி உயரத்திலிருந்து ஊற்றினாள். கை தொடாமல், செம்பு தொடாமல், ஒரு சொட்டு சிந்தாமல் குடித்தான். அவனுக்கும் ஏழு வயது.

ஆச்சி அவனிடம் உள்ளே வராதே என்று சொல்லவில்லை. என்னிடம் அவனை உள்ளே கூப்பிடாதே என்று சொல்லவில்லை. அன்றைக்கு அந்த வீட்டில் சாதி என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கவில்லை. அவன் எங்கே நிற்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. அவன் உள்ளே வரமாட்டான் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அவன் குடித்து முடிக்கும்வரை நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கேள்வி கேட்கவில்லை. மறுபடி விளையாடப் போனோம். ஆச்சி அன்பானவள். அவனுக்கும் பழையதும் கருவாடும் போடுவாள், சிரட்டையில் காப்பி ஊற்றுவாள். காய்ச்சல் என்றால் விசாரிப்பாள். அந்த அன்புதான் எனக்கு எல்லாவற்றையும் கற்பித்தது: அன்பாக இருந்துகொண்டே ஒருவனை வேலிக்கு வெளியே வைக்கலாம், அதில் தப்பில்லை, அதைப் பேச வேண்டியதும் இல்லை.

வாய் திறக்காமல் இருந்தால் பிள்ளைகள் ஒன்றாக வளர்ந்துவிடும் என்கிறார் ஆசிரியர். எங்கள் வீட்டில் வாய் திறக்கவே இல்லை. அதனால்தான் நான் அவ்வளவு சுத்தமாகக் கற்றுக்கொண்டேன். சொல்லிக் கொடுத்திருந்தால், ஏன் என்று ஒருவேளை கேட்டிருப்பேன். மௌனத்தை எதிர்த்துக் கேள்வி கேட்க ஏழு வயதுக்குத் தெரியாது.

2022 செப்டம்பரில் பாஞ்சாகுளம் செய்தி வந்தபோது எனக்குத் தூக்கம் போயிற்று. சங்கரன்கோவில் பக்கத்து ஊர். பெட்டிக்கடைக்கு மிட்டாய் வாங்க வந்த தலித் பிள்ளைகளிடம், ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, உங்களுக்குக் கொடுக்க முடியாது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்கிறார் கடைக்காரர். அதைப் படமும் எடுக்கிறார். காணொளி எங்கும் பரவி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கானது, கடைக்காரர் கைதானார், கடைக்கு முத்திரை வைத்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஊருக்குள் நுழையக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. எல்லாம் சரி. ஆனால் அந்தக் காணொளியில் என்னை உலுக்கியது பிள்ளைகளின் முகம். கட்டுப்பாடு என்றால் என்ன என்று ஒரு பிள்ளை கேட்கிறது. பிறகு திரும்பி நடக்கிறது. அந்தப் பிள்ளைக்குக் கட்டுப்பாடு என்ற சொல் அன்றுதான் அறிமுகம். என் கூட்டாளிக்கு யார் எப்போது அறிமுகம் செய்தார்களோ! கையைக் குவிக்க அவனுக்குக் கற்றுக் கொடுத்தது அவன் அம்மாவாகத்தான் இருக்க வேண்டும். அடி படாமல் இருக்கட்டும் என்று கற்றுக் கொடுத்திருப்பாள். ஒடுக்கப்பட்ட வீட்டில் பிள்ளைக்குச் சாதி தெரியாமல் வளர்ப்பது முடியாத காரியம். தெரியாமல் போனால் அந்தப் பிள்ளைக்கு உயிர் மிஞ்சாது. பிள்ளைகளுக்குச் சாதி தெரியாது என்று சொல்லும் வசதி, வேலிக்கு உள்ளே இருக்கிறவர்களுக்கு மட்டுமே உண்டு.

உலகமெங்கும் இந்த நம்பிக்கைக்குத் துணைக்கு அழைக்கப்படுகிற நாவல் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் தென்பகுதியைப் பற்றி ஹார்ப்பர் லீ எழுதி 1960இல் வெளிவந்த 'டு கில் எ மாக்கிங்பேர்ட்'. அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசு பெற்றது. செய்யாத குற்றத்துக்காக நிறுத்தப்பட்ட டாம் ராபின்சன் என்ற கறுப்பருக்காக வழக்காடும் வெள்ளை வழக்கறிஞர் அட்டிகஸ், கதை சொல்கிற அவருடைய சின்ன மகள் ஸ்கவுட். டாமைக் கொல்ல இரவில் சிறை வாசலுக்கு ஒரு கும்பல் வருகிறது. அதில் தன்னோடு படிக்கிற பையனின் அப்பாவை அடையாளம் கண்டு, ஸ்கவுட் வெகுளியாக நலம் விசாரிக்கிறாள். கும்பல் கலைந்து போகிறது. நாவலைப் படித்தவர்கள் மறக்காத இடம் இது. குழந்தை மனசு வெறியை வென்றுவிடும் என்ற நம்பிக்கைக்கு இதைத்தான் சாட்சியாகக் காட்டுகிறார்கள்.

ஆனால் அந்த நாவலே வேறு சாட்சியும் சொல்கிறது. அதே ஸ்கவுட், கறுப்பர்களை இழிவாகச் சொல்லும் சொல்லை வீட்டில் சரளமாகப் பயன்படுத்துகிறாள். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்கிறாள். அப்பா அவளை உட்காரவைத்துப் பேசுகிறார். அவளை மாற்றியது அவளுடைய வெகுளித்தனம் என்று நாவல் சொல்லவில்லை, அவளோடு பேசிய தகப்பனைத்தான் காட்டுகிறது. டில் என்ற பையன் நீதிமன்றத்தில் டாமை அரசு வழக்கறிஞர் நடத்தும் விதத்தைத் தாங்காமல் அழுகிறான். இன்னும் கொஞ்சம் வயதானால் இவன் இதற்கு அழமாட்டான் என்று ஊர்க்காரர் ஒருவர் சொல்கிறார். பிள்ளை மனசு எத்தனை நாள் தாங்கும் என்று ஹார்ப்பர் லீ அறிந்துதான் எழுதியிருக்கிறார். சிறை வாசலில் கலைந்த கும்பலின் ஊர்தான் பிறகு டாமைக் குற்றவாளி என்று தீர்த்தது. அவன் உடம்பில் பதினேழு குண்டுகள் பாய்ந்தன. டாமுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்கள் என்ன கற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல அந்த நாவலில் இடமில்லை.

அவர்களைப் போன்ற பிள்ளைகளின் கதையை அதே 1960ஆம் ஆண்டு நவம்பர் 14 அன்று நியூ ஆர்லியன்ஸ் நகரம் பார்த்தது. ரூபி பிரிட்ஜஸ் என்ற ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி, வெள்ளையர் மட்டும் படித்த பள்ளிக்கு, மத்திய அரசின் காவல் அதிகாரிகள் சூழ நடந்து போனாள். வாசலில் கூச்சலிட்டு நின்றவர்களில் பிள்ளைகளும் இருந்தார்கள். வெள்ளைப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திக்கொண்டார்கள். அந்த ஆண்டு முழுவதும் ஒரே ஆசிரியையிடம் தனியாக உட்கார்ந்து படித்தாள் ரூபி. அந்தச் சின்னக் கால்கள் நடந்த தைரியத்தை நாம் பாராட்டுகிறோம். அந்தத் தைரியம் அவளிடம் ஏன் கேட்கப்பட்டது என்பதுதான் என் கேள்வி.

இங்கேயும் அப்படித்தான். 2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவனை, அவனோடு ஒரே பள்ளியில் படித்தவர்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் பாய்ந்த தங்கைக்கும் வெட்டு. அவன் செய்தது, தன்னைக் கொடுமைப்படுத்துகிறார்கள் என்று பள்ளியில் சொன்னது. 2025 மார்ச் மாதம் எங்கள் மாவட்டத்து அரியநாயகிபுரத்தில் பதினோராம் வகுப்பு மாணவன், பரீட்சை எழுத பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவனை, வழியில் இறக்கி விரல்களை வெட்டினார்கள். கபடிப் போட்டியில் தோற்ற ஆத்திரம் என்றது செய்தி. இரண்டிலும் வெட்டியவர்களில் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் இருந்தார்கள். ஒன்றாகப் படித்தால் ஒன்றாகிவிடுவார்கள் என்கிறோமே, நாங்குநேரியில் வெட்டியவர்கள் ஒன்றாகப் படித்தவர்கள். நாங்குநேரி மாணவன் அடுத்த ஆண்டு பொதுத்தேர்வில் 600க்கு 469 வாங்கினான். எல்லோரும் வாழ்த்தினோம். வெட்டுப்பட்ட பிள்ளை எழுந்து நின்றால் தைரியம் என்று கைதட்டுகிறோம். வெட்டிய பிள்ளையின் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து, எல்லாம் தெரிந்தும் வாயைத் திறக்காத இருபது பிள்ளைகளுக்கு நாம் என்ன தைரியம் கற்றுக் கொடுத்தோம்?

தைரியத்தில் குறைந்த மண் இல்லை இது. பாஞ்சாலங்குறிச்சி இங்கே. 1911 ஜூன் 17 அன்று ஆஷைச் சுட்ட வாஞ்சியின் மணியாச்சி இங்கே. 1906இல் வெள்ளையனை எதிர்த்துக் கப்பல் விட்ட வ.உ.சிதம்பரம் பிள்ளை இங்கே. பள்ளி ஆண்டு விழாவில் கட்டபொம்மன் வேஷம் போடாத தலைமுறை எங்கள் பக்கம் கிடையாது. மீசையும் வாளும் துப்பாக்கியும் பிள்ளைகளுக்குத் தெரியும். அந்தத் தைரியத்தால் வேலியைத் தாண்ட முடிந்ததா என்று சேரன்மகாதேவியைக் கேட்கலாம். வ.வே.சு. ஐயர் அங்கே குருகுலம் நடத்தினார். ஆயுதப் புரட்சியில் இறங்கி, தலைமறைவாகப் புதுச்சேரி வந்து வாழ்ந்தவர், உயிருக்கு அஞ்சாதவர். தேசத்துக்கு நல்ல பிள்ளைகளை உருவாக்கத்தான் குருகுலம், காங்கிரஸும் பணம் கொடுத்தது. அங்கே பிராமணப் பிள்ளைகள் இரண்டு பேர் தனியாகச் சாப்பிட்டார்கள். பெற்றோர் கேட்டுக்கொண்டார்கள், இரண்டு பேர்தானே என்று விட்டுவிட்டார். பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்தார்கள், மாகாணமே இரண்டுபட்டது. 1925இல் ஐயர் பாபநாசம் அருவியில் மறைந்தார். அவர் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். சாம்ராஜ்யத்தை எதிர்த்த மனிதரால் இரண்டு பெற்றோரை எதிர்க்க முடியவில்லை. அதைத்தான் அந்தக் குருகுலத்தின் மற்றப் பிள்ளைகள் தினமும் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

சாமி பெயரால் நடந்ததும் உண்டு. வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த தேவாலயத்தில் சாதிக்கொரு கூடமாக இரண்டு கூடம், இடையே சுவர். அது 1910இல் இடிக்கப்படும்வரை முப்பத்தெட்டு ஆண்டு அங்கே ஞானோபதேசம் படித்த பிள்ளைகள், யாரும் விளக்காமலே அந்தச் சுவரையும் படித்தார்கள்.

வ.உ.சி.யின் வாழ்க்கையிலேயே நம் பாடப் புத்தகம் தாண்டிப் போகிற ஓர் இடம் உண்டு. ராமையா தேசிகர் என்ற பார்வையற்ற துறவியை அவர் வீட்டில் தங்கவைத்துச் சோறிட்டார். தேசிகரின் பிறப்பைச் சொல்லி உறவினர்கள் கொதித்தார்கள். வ.உ.சி. தன் மனைவி வள்ளியம்மையின் கருத்தைக் கேட்டார். அந்த அம்மாள் பின்வாங்கவில்லை, தன் கையால் தொடர்ந்து பரிமாறினார். கப்பல் விட்டதைவிட இது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. கப்பலுக்கு ஊரே துணை நின்றது. அடுப்படியில் வள்ளியம்மை தனியாக நின்றார். இந்தக் காட்சியை எத்தனை பள்ளி ஆண்டு விழாவில் நாடகமாகப் போட்டிருக்கிறோம்?

நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதி நிறக் கயிறுகளுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை எடுப்பது, பிள்ளைகளை அகர வரிசையில் உட்காரவைப்பது என்று பல பரிந்துரைகள். எல்லாவற்றையும் ஆதரிக்கிறேன். 2019இலேயே கயிறுகளைத் தடுக்கச் சொல்லிப் பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும், பழைய நடைமுறையே தொடரும் என்று அப்போதைய அமைச்சர் சொல்லிவிட்டார். அந்தத் தயக்கத்துக்கு நாங்குநேரி விலை கொடுத்தது என்றே நினைக்கிறேன். கயிற்றை அறுக்கத்தான் வேண்டும். ஆனால் அறுத்துவிட்டு, ஏன் அறுத்தோம் என்று பிள்ளையிடம் பேசாமல் விட்டால், சட்டைக்குள் டாலராக வரும், சைக்கிளில் ஸ்டிக்கராக வரும், கைப்பேசியில் ஸ்டேட்டஸாக வரும். வந்துகொண்டிருக்கிறது.

அதனால் இதைப் படிக்கிற பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும், குறிப்பாக என்னைப் போல வேலிக்கு உள்ளே பிறந்தவர்களிடமும் கேட்கிறேன். உங்கள் பிள்ளைக்குச் சாதி தெரியும். இன்று சாயங்காலம் அதனோடு உட்கார்ந்து பேசுங்கள். நம் தாத்தா ஆச்சி என்ன செய்தார்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள், அது தப்பு என்றும் சொல்லுங்கள். அதன் கூட்டாளி யாராக இருந்தாலும் அடுப்படிவரை கூப்பிட்டு, நீங்கள் குடிக்கிற தம்ளரிலேயே தண்ணீர் கொடுங்கள். வகுப்பில் ஒருவனைச் சாதி சொல்லி அடித்தால், அடிபட்டவன் வருவதற்கு முன்னால் நீ போய் ஆசிரியரிடம் சொல் என்று உங்கள் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். போய்ச் சொன்னதற்காக உறவுக்காரர்கள் வீடு தேடி வந்து சத்தம் போட்டால், பிள்ளைக்கு முன்னால் நின்று நீங்கள் பதில் சொல்லுங்கள்.

பாஞ்சாகுளத்துப் பிள்ளை கட்டுப்பாடு என்றால் என்ன என்று கேட்டது. கடைக்காரரிடமிருந்து நேர்மையான பதில் வராது. நீங்களாவது சொல்லுங்கள்.